பெண் வீட்டார்: கூரை

எட்டு வாளி வைத்தோம்
போன கார்த்திகையில்.
சோடனைக்கு வந்த ரஜீவன்
ஒவ்வொன்றுக்கும் ரோஸ் நிறச் சாட்டின் சுற்றி
விளிம்பில் செவ்வந்தி செருகிவிட்டான்.
அலங்காரம் என்றே சனம் நினைத்தது,
கெட்டிமேளம் ஓய்ந்த ஒரு மூச்சு இடைவெளியில்
டொக், டொக் என்று
எட்டும் பேசத் தொடங்கும் வரை.
பெண்ணின் தாய் என்னைப் பார்த்தாள்.
நான் கூரையைப் பார்த்தேன்.
மீதிக் காசில் பன்னிரண்டாயிரம் குறைத்தேன்.

களுவாஞ்சிகுடியில், பிரதான வீதிக்கு மேற்கே,
நூற்றிநாற்பத்திரண்டு அஸ்பெஸ்டஸ் சீட்டு.
இருபத்தாறு வயது.
ஆணி துருவேறிய இடமெல்லாம் தார்ப் பொட்டு.
மாற்ற வேண்டும் என்பதில்
ஒருவருக்கும் வழக்கில்லை.

சூரிச்சிலிருந்து முதலாளி
தை முதல் கிழமை எடுத்தார்:
"இப்ப தொடங்கினால் என்ன?"
போனை யன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
மழை அவருக்கு மறுமொழி சொன்னது.
"அப்ப மாசி?"
மாசியில் வேளாண்மை வெட்டு.
கூரை ஏறும் பொடியன்கள் முழுப்பேரும்
படுவான்கரையில் மூட்டை ஏற்றுவார்கள்.
நெல்லுக் காசு கையில் சூடாறுமுன்
மகளுக்கு நாள் வைக்க வருவார்கள் அந்தப் போடிமார்.
அந்த மாதம் என் டயரியில்
வெள்ளைத் தாள் தெரியாது.
சித்திரையில் வருசம்.
வைகாசியில் கண்ணகைக்குச் சடங்கு,
உடுக்குச் சத்தம் கேட்டால்
சுத்தியல் தானாகக் கீழே இறங்கிவிடும்.

தாலி ஏறாத மாதம் இரண்டுதான்.
மார்கழிக்கு மழை காவல்.
ஆடிக்குக் கச்சான்.
யார் பிரித்த பங்கோ இது.
மண்டபம் வெறுமையாகும் போதெல்லாம்
வானத்தில் ஆள் நிறைந்துவிடுகிறது.

மருதமுனையிலிருந்து உதுமாலெவ்வை ஓடாவி வந்தார்.
ஏறினார்.
ஒரு மணித்தியாலம் மேலே நடந்தார்,
கீழே நாங்கள் அவரது காலடியைக் காதால் பின்தொடர்ந்தோம்.
இறங்கி, தண்ணீர் குடித்து,
"மரம் நல்லாக் கிடக்கு, தங்கச்சி" என்றார்.
"ஆனா கச்சானுக்க பத்தடித் தகட்டத் தூக்கினா
அது தகடில்ல, தோணிப் பாய்.
புடிச்சவனையும் கொண்டு
கடலுக்க இறக்கிடும்."

பிறகு அவரே சொன்னார்:
"காத்தும் மனிசன் மாதிரித்தான்.
விடியக்குள்ள எழும்பாது.
சுபஹு தொழுதுட்டு ஏறினா
ஒன்பது மணி மட்டும் நம்மட."

காலைக்குப் பத்துச் சீட்டு.
வெள்ளிக்கிழமை கழித்து,
சலாகை மாற்ற இரண்டு நாள் கூட்டி,
பதினெட்டு, பத்தொன்பது.
ஆடிக்குள் அடங்கும்,
கச்சான் பிந்தி எழும்பினால்.

தகடு விலையோ ஆடிக்குக் காத்திருக்காது.
கல்முனைக் கடைக்காரன் எழுதித் தந்த தாளில்
ஏழு நாளுக்கு மட்டும் செல்லுபடி.
முதலாளி காசு போட்டார்.
சித்திரையிலேயே இறக்கி
மணமகள் அறையில் அடுக்கினோம்.
பழைய கூரையின் கீழ்
புதுக் கூரை மூன்று மாதம் படுத்திருக்கிறது.
போன கிழமை வந்த மணப்பெண்
கண்ணாடியை விட்டுவிட்டு
அந்தத் தகட்டில் பார்த்துத்தான் கொசுவம் திருத்தினாள்.
நெளிவுக்கு நெளிவு
பத்துப் பதினைந்து மணப்பெண்.

நேற்று ஒரு போன்.
"ஆடி பதினெட்டு கிடைக்குமா?
எங்களுக்கு ஆடி எல்லாம் பார்க்கத் தேவையில்லை, நிக்காஹ்."
ஒன்றரை இலட்சம்.
இல்லை என்று சொல்ல
என் நாக்கு அரை நிமிடம் எடுத்தது.

டயரியைத் திறந்து
ஆடி முதலாம் திகதியிலிருந்து
பத்தொன்பது கட்டம் அடைத்தேன்.
பெண் வீட்டார் என்ற இடத்தில் 'கூரை' என்று எழுதினேன்.
மாப்பிள்ளை வீட்டாருக்கு
பேனை அந்தரத்தில் நின்றது.
ஓடாவி எட்டிப் பார்த்தார்.
"கச்சான் எண்டு போடுங்க.
சொல்லாம வந்து நிக்கிறவன் அவன்தானே."

இன்று ஆனி இருபது.
வாளிகள் காய்ந்து கிடக்கின்றன.
சாட்டின் துணியைத் திருப்பிக் கேட்கிறான் ரஜீவன்.
ஏழைக் கொடுத்தேன்.
மற்றது கார்த்திகை கழியட்டும் என்றேன்.